குதிரைத் தரகர் மெய்க்கீர்த்தி

குதிரையேறிய மன்னர்களைப் பாடிய புலவர்கள் நம்மிடம் ஏராளம். குதிரையைப் பாடியவர்களும் உண்டு. குதிரையை விற்றவரைப் பாடியவர்தான் இல்லை. காவிரிப்பூம்பட்டினத்துக் கரையில் கடல் வழியே குதிரைகள் வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. இறக்கி விற்றவர் யார் என்று சொல்லாமல் போய்விட்டது. ராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் இந்தத் துறைமுகக் கரையில் இன்றும் குதிரை கைமாறுகிறது. கைமாற்றி வைக்கும் தரகர்களின் கீர்த்தியை யாராவது எழுதிவைக்க வேண்டும். அதை நான் எழுதுகிறேன்.

எப்படிப் புகழ்வது என்பதற்கு முன்மாதிரி உண்டு. அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதாகத் தொண்டைமானிடம் போன ஔவையார், அவனுடைய படைக்கலக் கொட்டிலைப் பார்த்துப் புகழ்ந்தார். புறநானூற்றின் 95-ஆம் பாட்டு அது. அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. தொண்டைமானின் ஆயுதங்கள் உண்மையிலேயே பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிப் பளபளத்தன. அதியமானின் ஆயுதங்கள் உண்மையிலேயே நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்தன. உள்ளதை உள்ளபடி சொன்னாலே போதும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நானும் உள்ளதையே சொல்கிறேன். எந்தத் தனி ஆளையும் நினைத்து எழுதவில்லை. புகழ் தொழிலுக்கு.

முதலில், இல்லாத இடத்தில் சந்தையை உண்டாக்கிய திறமையைப் புகழ வேண்டும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. இரண்டு பக்கமும் லேத் பட்டறை, வெல்டிங் பட்டறை, பழைய இரும்புக் கடை. புல் முளைக்க ஓர் அடி மண் கிடைப்பது அரிது. இந்த நிலத்தைப் பார்த்து, 'இது குதிரை வளர்க்க ஏற்ற ஊர்' என்று கண்டுபிடித்தவர்கள் தரகர்கள். கல்யாண ஊர்வலத்துக்குச் சாரட்டு வேண்டும். சௌகார்பேட்டையில் மாப்பிள்ளை குதிரைமேல்தான் வருவார். கோயில் விழாவிலும் கட்சி ஊர்வலத்திலும் பேண்டு அடிக்கு ஆடும் நாட்டியக் குதிரை வேண்டும். அதிகாலையில் கடற்கரைச் சாலையில் ஓட்டி, கைபேசியில் படம் எடுத்துப் போட இளைஞர்களுக்கு ஒரு மார்வாரி வேண்டும். தேவை இருக்கிறது என்று காட்டிவிட்டால் நிலம் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

சரக்கு வரும் வழியும் நீளமானது. ராஜஸ்தானத்து மார்வாரி, குஜராத்துக் கத்தியவாரி, பந்தயத்தில் ஓடி ஓய்ந்த குதிரை, நாட்டு மட்டக் குதிரை என்று பல வகை. ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயிலின் ஆடித் திருவிழாவை ஒட்டிப் பெரிய குதிரைச் சந்தை கூடும். நல்ல மார்வாரிக்கு அங்கே லட்சங்களில் விலை சொல்வார்கள். சென்னைக்கும் இது புதிய வணிகம் அன்று. நியூ சவுத் வேல்ஸிலிருந்து வந்ததால் 'வேலர்' என்று பெயர் பெற்ற ஆஸ்திரேலியக் குதிரைகள் 19-ஆம் நூற்றாண்டில் கப்பல் கப்பலாக இந்தக் கரைக்கு வந்து ராணுவத்துக்கு விற்கப்பட்டன. துறைமுகம் இப்போது கார்களை ஏற்றி அனுப்புகிறது. குதிரை லாரியில் வருகிறது.

அடுத்து, தரகர் விற்கும் சரக்கின் நுட்பத்தைச் சொல்ல வேண்டும். அவர் விற்பது குதிரையை அல்ல, நடையை. "தம்பி, தண்ணி டம்ளரை முதுகுல வச்சுட்டு ஓட்டு. ஒரு சொட்டு சிந்தாது" என்பார். அவர் சொல்லும் நடை உண்மையில் உண்டு. சாதாரணக் குதிரை பெருநடை போடும்போது, குறுக்காக அமைந்த முன்கால் ஒன்றும் பின்கால் ஒன்றும் சேர்ந்து எழும், சேர்ந்து விழும். இரண்டு தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் மேலே இருப்பவரின் முதுகெலும்பு அதிரும். சில இனங்களுக்கு வேறு நடை பிறவியிலேயே இருக்கிறது. கால்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையைத் தொடும். உடல் குதிக்காது. மார்வாரியிலும் கத்தியவாரியிலும் இதை 'ரேவால்' என்பார்கள். ஐஸ்லாந்துக் குதிரைக்கும் அமெரிக்காவின் டென்னசிக் குதிரைக்கும் இதைப் போன்ற நடைகள் உண்டு. காட்டுப் பாதையிலும் மலைப் பாதையிலும் நாள் முழுக்கப் போகிறவர்கள் இப்படிப்பட்ட குதிரையைத்தான் தேடி வாங்குவார்கள். பழந்தமிழரும் குதிரைக்கு ஐந்து கதி என்று வகுத்து வைத்தார்கள்.

இந்த நடை ரத்தத்தில் வருவது. 2012-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள், பல நடைக்குதிரை இனங்களில் டிஎம்ஆர்டி3 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இருப்பதைக் கண்டார்கள். கால்களை இயக்கும் முதுகுத்தண்டு நரம்புகளின் ஒழுங்கை அந்த மாற்றம் வேறாக்குகிறது. இயற்கை பல தலைமுறை எடுத்துச் செய்வதை இந்தத் தொழில் சில வாரங்களில் செய்துவிடுகிறது. ஒரே பக்கத்து முன்காலையும் பின்காலையும் குட்டைக் கயிற்றால் பிணைத்து நடத்தினால், இரண்டும் சேர்ந்தே எழக் கற்றுக்கொள்ளும். தலையைத் தூக்கிக் கட்டி, முள் வைத்த கடிவாளத்தை வாயில் மாட்டினால் கழுத்து மயில்போல் வளையும். நாக்கு அறுபடுவது வெளியே தெரியாது. நுரையோடு வரும் சிவப்பைத் துண்டால் துடைத்துவிடலாம். கூட்டத்தில் இருப்பவர்களுக்குத் தெரிவது வளைந்த கழுத்தும் தூக்கி வைக்கும் காலும்தான். "எவ்வளவு கம்பீரம்!" என்று அவர்கள் சொல்வது மனப்பூர்வமான பாராட்டு. வலியைக் கம்பீரமாக மாற்றத் தெரிந்த கைகளுக்கு அந்தப் பாராட்டு உரியதே.

இந்தக் கலையில் நாம் தனியாக இல்லை. டென்னசி நடைக்குதிரையின் கால் இன்னும் உயரமாக எழ வேண்டும் என்று அமெரிக்காவில் குளம்புக்கு மேலே எரியும் ரசாயனம் தடவிச் சங்கிலி மாட்டினார்கள். தரையைத் தொட்டால் வலிக்கும் என்பதால் குதிரை காலைச் சட்டென்று உயர்த்தும். அதற்குப் பரிசும் கிடைத்தது. அதைத் தடுக்க அந்த நாடு 1970-இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. நம்மிடம் சட்டம் அதற்கு முன்பே இருக்கிறது. 1965-ஆம் ஆண்டு விதிகள் வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் விலங்குகளுக்கு முள் கடிவாளத்தைத் தடை செய்துவிட்டன. அறுபது ஆண்டாகத் தடையில் உள்ள ஒரு பொருள் இன்னும் கேட்ட இடத்தில் கிடைக்கிறது என்றால், அதைப் பாதுகாத்து வைத்திருப்பவர்களின் பற்றுறுதி சாதாரணமானதா?

குதிரையின் வயதைச் சொல்வதில் தரகரை மிஞ்ச ஆள் இல்லை. பல்லைப் பார்த்து வயது சொல்வது நம் சந்தைகளில் பழகிய கலை. குதிரைக்கு ஐந்து வயதில் முன்பற்கள் எல்லாம் சேர்ந்துவிடும். கீழ்த்தாடையின் நடுப்பற்களில் உள்ள குழி ஆறு வயதிலும், அடுத்த பற்களில் ஏழிலும், கடைப்பற்களில் எட்டிலும் ஏறக்குறையத் தேய்ந்து மறையும். பத்து வயதில் மேல் கடைப்பல்லின் ஈறோரத்தில் ஒரு கோடு தோன்றும். அது இறங்கி இறங்கி இருபது வயதில் பல்லின் நுனியைத் தொடும். காலம் இப்படி எழுதிவைப்பதை அழித்து எழுதவும் இந்தத் தொழிலுக்குத் தெரியும். தேய்ந்த பல்லில் புதிதாகக் குழி தோண்டிக் கரி ஏற்றுவது உலகெங்கும் குதிரைச் சந்தைகளில் இருநூறு ஆண்டுக்கும் மேலாகப் பேர் பெற்ற வித்தை. நரைத்த புருவத்துக்குச் சாயம் இருக்கிறது. ஒட்டிய வயிற்றுக்கு உப்பும் தண்ணீரும் இருக்கின்றன. நொண்டும் காலுக்கு வலி மறக்கும் ஊசி இருக்கிறது. வாங்க வருபவர் பார்க்கும் அந்த ஒரு மணி நேரத்துக்குக் குதிரை எட்டு வயதாகவும், வயிறு நிறைந்ததாகவும், நோயற்றதாகவும் இருக்கும். அந்த ஒரு மணி நேர ஆரோக்கியத்தை அதற்குக் கொடுப்பவர் தரகரே.

மதுரையில் சிவபெருமான் ஒரு முறை நரிகளைப் பரிகளாக்கினார். அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பொருளை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவிட்டதால் வந்த லீலை. குதிரைச் சேவகனாக வந்த இறைவனின் சரக்கு அன்றிரவே மறுபடி நரியாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடியது. அடுத்த திருவிளையாடலில் இறைவனே வைகைக் கரையில் பிரம்படி பட்டார். குதிரை வணிகத்தில் இறைவன் பெற்றது அவ்வளவுதான். நம் தரகர் விற்ற குதிரையும் சில நாளில் தன் உண்மை வடிவத்துக்குத் திரும்பும். ஆனால் அவர் முதுகில் பிரம்பு பட்டதில்லை. பிரம்பு முழுவதும் குதிரைக்கே கிடைக்கிறது.

அவருடைய பக்தியையும் சொல்லாமல் விடக் கூடாது. குதிரையின் மயிர்ச்சுழி ஒவ்வொன்றையும் அவர் விரல் வைத்துக் காட்டுவார். நெற்றியில் எத்தனை, கழுத்தில் எத்தனை, எது வீட்டுக்கு ஆகும், எது ஆகாது. "சுழி சுத்தமான குதிரை அண்ணே. வீட்டுல கட்டுனா அன்னிக்கே லட்சுமி." நான்கு காலும் நெற்றியும் வெள்ளையாக இருந்தால் பஞ்சகல்யாணி. அதற்கு விலை தனி. வாங்குபவரும் பயபக்தியோடு சுழியை எண்ணுவார். குதிரையின் உடம்பில் அதிருஷ்டம் எழுதியிருக்கும் ஓர் இடத்தையும் இருவரும் விடுவதில்லை. குளம்பைத் தூக்கி அடியில் பார்ப்பதற்கு மட்டும் நேரம் இருக்காது. குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை சீவி, லாடத்தைக் கழற்றி மாட்ட வேண்டும். சீவாவிட்டால் கால் கோணும், மூட்டு கெடும், முடிவில் நிற்க முடியாது. இதைச் சொல்லும் சுழி எதுவும் குதிரையின் உடம்பில் இல்லை.

விலை பேசும் அழகு தனி. இரண்டு கைகளுக்கு மேல் ஒரு துண்டு. துண்டுக்குள் விரலைப் பிடித்தால் ஆயிரம், மடக்கினால் பாதி. சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. காகிதம் இல்லை, கையெழுத்து இல்லை, ரசீது இல்லை, மருத்துவச் சான்று இல்லை. நம்பிக்கை ஒன்றே முதலீடு. மறுநாள் குதிரை நொண்டினால் யார் விற்றது, என்ன சொல்லி விற்றது என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது. துண்டு மட்டும் தரகரின் தோளில் இருக்கும். எழுத்தை நம்பாமல் மனிதனை நம்பும் இந்த மரபில் மனிதன் யாரையும் ஏமாற்றியதாகச் சாட்சி கிடையாது. சாட்சி கிடையாது என்பதே இந்த மரபின் பெருமை.

இந்தப் பெருமை பாண்டியர் காலம் தொட்டு வருகிறது. 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவிலிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரைகள் பாண்டிய நாட்டுத் துறைகளுக்கு வர ஒப்பந்தம் இருந்தது என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதினார். ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தினார். வழியில் கடலில் செத்த குதிரைக்கும் அரசுக் கருவூலமே விலை கொடுக்கும். அதே காலத்தில் இங்கு வந்த மார்க்கோ போலோ, ஓர் அரசன் ஆண்டுக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குவதையும், ஆண்டு முடிவில் நூறுகூட உயிரோடு மிஞ்சாததையும் எழுதினார். காரணமும் சொன்னார். குதிரையைப் பேணத் தெரிந்தவர் இங்கே இல்லை. லாடமும் வைத்தியமும் தெரிந்தவரைக் குதிரை வணிகர்கள் தம்முடன் அழைத்து வருவதில்லை. வேறு யாராவது வர நினைத்தாலும் விடுவதில்லை. குதிரை சாகச் சாக விற்பனை வளரும் அல்லவா? வணிக நுட்பத்தின் உச்சம் இது. எழுநூறு ஆண்டுகள் கடந்தும் அந்த நுட்பத்தை ஒரு துளி சிந்தாமல் காப்பாற்றித் தந்தவர்களை எப்படிப் புகழாமல் இருப்பது?

மார்க்கோ போலோ காலத்தில் வைத்தியர் இல்லை என்று சொல்லலாம். இப்போது அப்படிச் சொல்ல முடியாது. 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. 1989-இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவானது. அதன் தலைமையிடம் மாதவரம். இந்தக் கரையில் உள்ள திருவொற்றியூருக்குப் பக்கத்தில்தான். குதிரையின் வாயைத் திறந்து உண்மை வயதைச் சொல்லவும், நேர்கோட்டிலும் வட்டத்திலும் நடத்தி நொண்டலைக் கண்டுபிடிக்கவும், ரத்தம் எடுத்து நோய் பார்க்கவும் தெரிந்தவர்கள் இத்தனை அருகில் இருக்கிறார்கள். விற்பனை நடக்கும் இடத்துக்கு அவர்கள் யாரையும் அழைக்காமல் காரியத்தை முடிப்பது பழைய வணிகர்களின் திறமையைவிடப் பெரிது. பழைய வணிகர்கள் கடல் கடந்து வரக்கூடியவரைத் தடுத்தார்கள். இவர்கள் பக்கத்து ஊரில் இருப்பவரைத் தவிர்க்கிறார்கள்.

வாங்குபவருக்கும் இந்த மெய்க்கீர்த்தியில் இடம் உண்டு. அவருடைய அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. குதிரைக்குப் பெயர் வைக்கிறார், மாலை போடுகிறார், பொட்டு வைக்கிறார், ஆயுத பூஜைக்கு எலுமிச்சம்பழம் கட்டுகிறார். தெருவுக்கே அது செல்லம். பிள்ளைகள் பரோட்டாவும் பிஸ்கட்டும் ஊட்டுவார்கள். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. தின்னக் கூடாததைத் தின்றால் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, புரண்டு புரண்டு, சூலை நோயில் சாக வேண்டியதுதான். நானூறு கிலோ எடையுள்ள குதிரைக்குத் தினமும் எட்டுக் கிலோ அளவுக்கு உலர்ந்த தீவனம் வேண்டும். அதில் பெரும்பகுதி புல்லாகவோ உலர்புல்லாகவோ இருக்க வேண்டும். முப்பது லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். வெயில் நாளில் இன்னும் கூடும். குடிதண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்து நிற்கும் தெருவில் இத்தனையும் கொடுப்பதாக மனதார நினைத்துத்தான் வாங்குகிறார். முகூர்த்த மாதங்களில் குதிரை சம்பாதிக்கும், தின்னும். ஆடியிலும் மார்கழியிலும் சம்பாதிக்காது. அந்த மாதங்களில் அன்பு மட்டும் கிடைக்கும்.

அது கட்டியிருக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். பட்டறைத் தெருவில் ஆணியும் தகரமும் கம்பித் துண்டும் இறைந்து கிடக்கும். ரண ஜன்னி எளிதில் தாக்கும் விலங்குகளில் குதிரை முதன்மையானது. குளம்பில் ஏறும் ஓர் ஆணி போதும். தடுப்பூசி இருக்கிறது. விலையும் அதிகம் இல்லை. மாலையும் சலங்கையும் வாங்கிய கையில் அதற்கும் காசு மிஞ்சியிருந்தால் நன்றாக இருக்கும். குதிரை வாயால் மூச்சு விட முடியாத உயிர். மூக்கு ஒன்றே வழி. லாரிப் புகை, நிலக்கரித் தூசு, சாம்பல் எல்லாம் அந்த ஒரு வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்துப் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கட்டுத்தறியில் இருக்கும் உயிர் எங்கே ஓடும்? மனிதரே வாழத் தவிக்கும் இடத்தில் குதிரைக்கும் ஓர் இடம் ஒதுக்கிய தாராளத்தை மறக்க முடியாது.

அந்தத் தாராளம் நீண்ட நாள் நீடிப்பதில்லை. கால் வீங்கும், மேல் புண்ணாகும், சவாரி குறையும். அப்போது தரகரைத் திரும்பக் கூப்பிடுவார்கள். அவர் வருவார், எப்போதும் வருவார். இந்தக் குதிரையை அவர் கைவிடுவதே இல்லை. குறைந்த விலைக்கு எடுத்துக்கொண்டு, மறுபடி பல்லையும் நடையையும் சீர்படுத்தி, இன்னொரு தெருவில் இன்னோர் அன்பான இளைஞருக்குக் கொடுப்பார். ஒவ்வொரு கைமாற்றத்திலும் அவருக்குத் தரகு உண்டு. ஒரே குதிரையைப் பல முறை விற்று, ஒவ்வொரு முறையும் அதை எட்டு வயதிலேயே நிறுத்திவைப்பவர் அவர். கடைசியில் அது சாலையோரத்தில் விழும்போது மட்டும் யாருடைய குதிரை என்று யாருக்கும் தெரியாது. ரசீதுதான் இல்லையே.

சட்டத்தின் கருணையைப் பாடாமல் இந்தப் புகழ் நிறைவடையாது. விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. விலங்கை அடித்தாலும், அதிகமாக ஓட்டினாலும், நோயோடு வேலை வாங்கினாலும், பட்டினி போட்டாலும் முதல் குற்றத்துக்கு அபராதம் குறைந்தது 10 ரூபாய், அதிகம் போனால் 50 ரூபாய். மூன்று ஆண்டுக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அரிசி, பருப்பு, பஸ் கட்டணம், வீட்டு வாடகை என்று 1960 முதல் ஏறாதது இந்த நாட்டில் எதுவும் இல்லை. ஏழை எளியவருக்கு எட்டும் விலையில் அரசு இன்றுவரை நிறுத்திவைத்திருக்கும் ஒரே பொருள் இந்தக் குற்றம்தான். 1965 விதிகள் ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்கின்றன. இடையில் ஓய்வில்லாமல் ஐந்து மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கின்றன. வெப்பம் 37 டிகிரிக்கு மேல் போகும் இடத்தில் நண்பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை கூடவே கூடாது என்கின்றன. சென்னையின் மே மாதத்தைப் பார்த்தே எழுதியதுபோல் இருக்கிறது. அந்த மே மாதத்திலேயே வைகாசி முகூர்த்தம் வருகிறது. தாரில் குளம்பு பதியும் வெயிலில் சாரட்டு போகிறது. அதைக் கடந்து போகும் அதிகாரிகள் யாரும் மணமக்களின் மகிழ்ச்சியைக் கெடுத்ததில்லை.

மணமக்களையும் விருந்தினரையும் கடைசியாகப் புகழ்கிறேன். பணம் கொடுப்பவர்கள் அவர்கள். அவர்கள் கேட்பதைத்தான் சாரட்டுக்காரர் தருகிறார், சாரட்டுக்காரர் கேட்பதைத்தான் தரகர் கொண்டு வருகிறார். குதிரை ஆட வேண்டும் என்று கேட்டவர் கல்யாண வீட்டார். பட்டாசு அதன் காதருகே வெடித்தபோது கைதட்டியவரும் அவரே. இத்தனை பேர் சேர்ந்து கட்டிக் காக்கும் தொழிலில் தரகர் ஒருவரை மட்டும் புகழ்ந்தால் அநியாயம்.

மெய்க்கீர்த்தி இத்துடன் முடிகிறது. கல்வெட்டுகளில் மெய்க்கீர்த்திக்குப் பிறகு ஆணை வரும். ஆணையிட எனக்கு அதிகாரம் இல்லை. வேண்டுகோள்தான் வைக்க முடியும்.

குதிரையை நேசித்து, தன் பிள்ளைக்கு முன் அதற்குத் தீவனம் வைக்கும் குதிரைக்காரர்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள். தலைமுறையாகக் குளம்பு பார்க்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். இந்தத் தொழில் அவர்கள் பெயரால் நிற்க வேண்டும். அதற்கு வாங்குபவர்தான் முதலில் மாற வேண்டும்.

வாங்க நினைப்பவர் குதிரைக்கு முன் இடத்தைத் தேடட்டும். படுத்துப் புரள மண், நிழல், நாள் முழுக்கத் தண்ணீர், நடந்து திரியச் சிறு திடல். இவை இல்லாதவர் வாங்க வேண்டாம். பிறகு சம்பாதிக்காத மாதங்களின் தீவனச் செலவையும், லாடச் செலவையும், மருத்துவச் செலவையும் கூட்டிப் பார்க்கட்டும். விலை பேசப் போகும்போது கால்நடை மருத்துவர் ஒருவரைக் கூலி கொடுத்துக் கூட்டிப் போகட்டும். முதல் நாள் பார்த்த குதிரையை மறுநாள் விடியற்காலையில், சொல்லாமல் போய் மறுபடி பார்க்கட்டும். ஊசியின் வேகம் அதற்குள் இறங்கியிருக்கக்கூடும். கெட்டித் தரையில், தளர்ந்த கயிற்றில், சவாரியில்லாமல் நேராகவும் வட்டமாகவும் நடத்தச் சொல்லட்டும். பிறவி நடை கடிவாளம் இல்லாமலும் வரும், கற்பித்த நடை வராது. வாயைத் திறந்து நாக்கையும் உதட்டோரத்தையும் பார்க்கட்டும். அங்கே வடு இருந்தால் துண்டுக்குள் கையை விட வேண்டாம்.

கிளாண்டர்ஸ் நோய்க்கான ரத்தப் பரிசோதனை இல்லாமல் குதிரையை வீட்டருகே கட்டக் கூடாது. குதிரையிடமிருந்து மனிதருக்கும் தொற்றி உயிரைக் குடிக்கக்கூடிய நோய் அது. உறுதியானால் குதிரையை வலியில்லாமல் கொன்று புதைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. ரண ஜன்னித் தடுப்பூசி போட்ட தேதி வேண்டும். விற்றவர் பெயர், முகவரி, குதிரையின் அடையாளம், வயது, நோய் வரலாறு எல்லாம் எழுதிய ரசீது வேண்டும். இத்தனையும் கேட்டால் தரகர் எழுந்து போய்விடுவார் என்றால், போகட்டும். நீங்கள் தப்பினீர்கள்.

அரசு செய்ய வேண்டியது அதிகம் இல்லை. கைமாறும் குதிரை ஒவ்வொன்றுக்கும் அடையாளப் பதிவு, மருத்துவச் சான்று இல்லாத விற்பனைக்குத் தடை, 1960-இன் அபராதத்தை இன்றைய ரூபாய்க்கு உயர்த்துவது. ஐம்பது ரூபாயைத் தொட்டு அறுபது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. கல்யாண வீட்டார் செய்ய வேண்டியது அதைவிடக் குறைவு. சாரட்டு பேசும்போது குதிரையின் வாயையும் குளம்பையும் பார்க்கக் கேளுங்கள். உச்சி வெயில் ஊர்வலம் வேண்டாம், நாட்டியக் குதிரை வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு முகூர்த்தக் காலம் முழுக்க நம் தெருக்களில் யாரும் கேட்காவிட்டால், முள் கடிவாளத்தை எந்தத் தரகரும் விலைக்கு வாங்க மாட்டார்.